கடைசி நாளில் அப்பா கட்டிய ஸ்டேஷனுக்கு... சிங்கப்பூர் டூர் போன கல்லூரி மாணவியின் ஒரு ஞாயிற்றுக்கிழமை!

காலை 7 மணி. சிங்கப்பூரின் ஜாலான் புசார் பகுதியில் உள்ள ஒரு சின்ன ஹோட்டலின் வரவேற்பறை. புதுக்கோட்டை மாவட்டத்திலிருந்து வந்திருந்த 32 கல்லூரி மாணவிகள், 3 பேராசிரியைகள், 35 பெட்டிகள். ஆனால், பெட்டியை மாட்டித் தூக்கி எடை பார்க்கிற தராசு மட்டும் ஒன்றே ஒன்றுதான்.

"21 கிலோ 300... எதையாவது வெளிய எடுடி!"

"எதை எடுக்கிறது? எல்லாம் சித்தி எழுதிக் கொடுத்ததுதான்!"

கூட்டமாக வெளிநாடு போய் வந்தவர்களுக்குக் கடைசி நாள் எப்படி இருக்கும் என்று தெரியும். முதல் நாள் இருந்த ஆச்சர்யமெல்லாம் அடங்கியிருக்கும். யாருக்கு என்ன வாங்கவில்லை, கையில் எத்தனை வெள்ளி மிச்சம், பெட்டி மூடுமா, மூடாதா என்ற கவலைதான் பாக்கி. (டாலரை 'வெள்ளி' என்றுதான் சிங்கப்பூர்த் தமிழர்கள் சொல்கிறார்கள். ஐந்து நாளில் மாணவிகளுக்கும் அது தொற்றிக்கொண்டது.)

இரவு திருச்சிக்கு விமானம். ஆளுக்கு 20 கிலோதான் அனுமதி. "பவர் பேங்க்கை எல்லாம் கைப்பையில வைங்க. பெரிய பெட்டியில போட்டா திறக்கச் சொல்வாங்க. முக்கியமா, வெளி ஆளுங்க யாராவது எதையாவது கொடுத்தா வாங்கிடாதீங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார், குழுவை அழைத்து வந்த மூத்த பேராசிரியை.

வரிசையில் கடைசியாக நின்றவர், பி.காம் மூன்றாம் ஆண்டு படிக்கும் ஒரு மாணவி. அவருடைய பெட்டி 16 கிலோதான் இருந்தது.

"நீ ஒண்ணுமே வாங்கலையா?" என்று கேட்டார் பேராசிரியை.

"இனிமேதான் மேம். ஆனா அதுக்கு முன்னாடி ஒரு இடத்துக்குப் போயிட்டு வரட்டுமா? பக்கத்துலதான், ரோச்சோர் ஸ்டேஷன்."

"அங்க என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்ல மேம். ரயில்வே ஸ்டேஷன்தான். எங்கப்பா வேலை பார்த்தது."

ஞாயிற்றுக்கிழமை வரும் அப்பா

அந்த மாணவிக்கு நான்கு வயதானபோது, 2009-ல், அவருடைய அப்பா சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனார். அதற்கு முன் ஊரில் நெல் அறுப்பும், கிடைத்தால் கட்டட வேலையும்தான். ஏஜென்ட்டுக்குப் பணம் கட்டுவதற்காக நிலத்தை அடகு வைத்து, ஸ்கில் டெஸ்ட் எழுதி, கம்பி கட்டும் தொழிலாளியாக 'வொர்க் பெர்மிட்'டில் வந்தார்.

வொர்க் பெர்மிட்டில் வேலை செய்கிறவர்கள் மனைவி, பிள்ளைகளை அழைத்துவந்து கூட வைத்துக்கொள்ள சிங்கப்பூர் சட்டம் இடம் தருவதில்லை. எனவே, ஆறு வருடம் அப்பா அங்கே, குடும்பம் இங்கே. நடுவில் இரண்டு முறை லீவில் வந்தார். அந்த இரண்டு முறையும் அவர் பெட்டியைத் திறந்தால் வீடு முழுக்க ஒரே வாசம்தான். கோடாலித் தைலம்!

1928-லிருந்து சிங்கப்பூரில் தயாராகும் அந்தத் தைலத்தை அறியாத வீடு டெல்டாவிலும் புதுக்கோட்டை, சிவகங்கை பக்கமும் குறைவு. தலைவலி, சளி, பூச்சிக்கடி, எல்லாவற்றுக்கும் அதுதான். "சின்ன வயசுல சிங்கப்பூர்னாலே எனக்கு அந்த வாசம்தான். ஊர் எப்படி இருக்கும்னெல்லாம் யோசிச்சதே இல்ல" என்கிறார் மாணவி.

இன்னொன்று, ஞாயிற்றுக்கிழமை போன். வாரம் முழுக்க வேலை. ஞாயிறு மதியம் தங்கும் விடுதியிலிருந்து பஸ் பிடித்து லிட்டில் இந்தியாவுக்கு வந்து, அங்கிருந்துதான் அப்பா வீட்டுக்குப் பேசுவார். பின்னால் எப்போதும் ஒரு இரைச்சல் கேட்கும். தமிழ்ப் பாட்டு, யாரோ யாரையோ கூப்பிடும் குரல், கோயில் மணி. "எங்கப்பா எங்க இருக்காருன்னு கேட்டா, 'சத்தத்துல இருக்காரு'ன்னு சொல்வேனாம். அம்மா இப்பவும் அதைச் சொல்லிச் சிரிப்பாங்க."

2015-ன் நடுவில் முதுகு வலி தாங்காமல் அப்பா ஊருக்கே திரும்பிவிட்டார். இப்போது ஒரு சிமென்ட், கம்பி கடையில் கணக்குப் பார்க்கிறார். கல்லூரியில் சிங்கப்பூர் சுற்றுலா அறிவித்தபோது, செலவை நினைத்து மகள் பேச்சையே எடுக்கவில்லை. தோழி மூலம் தெரிந்துகொண்ட அப்பா சொன்னது இதுதான்: "நான் போறதுக்கு ஏஜென்ட்டுக்குக் கொடுத்ததுல பாதிகூட இல்ல. போயிட்டு வா பாப்பா."

நான்கு நாள்களில் பார்த்தது

முந்தைய நான்கு நாள்களில் பார்க்க வேண்டியதையெல்லாம் பார்த்தாகிவிட்டது. 1972-ல் திறக்கப்பட்ட, வாயிலிருந்து தண்ணீர் கொட்டும் 8.6 மீட்டர் உயர மெர்லயன் சிலை. 2010-ல் வந்த மரினா பே சாண்ட்ஸ் கட்டடம். மூன்று கோபுரங்களின் தலையில் ஒரு கப்பலைத் தூக்கி வைத்ததுபோல் இருக்குமே, அதுதான்! கார்டன்ஸ் பை த பேயில் 25 முதல் 50 மீட்டர் வரை உயர்ந்து நிற்கும் செயற்கை மரங்கள். சவுத் பிரிட்ஜ் சாலையில், 1827-லிருந்து இருக்கும் மாரியம்மன் கோயில்.

எல்லா இடத்திலும் மாணவிகள் செல்ஃபி எடுத்தார்கள். அந்த மாணவியும் எடுத்தார். ஆனால், போகிற வழியில் கட்டட வேலை நடக்கும் இடத்தைச் சுற்றி அடைத்திருந்த தகரத் தடுப்பு ஒன்றையும் அவர் படம் எடுத்து அப்பாவுக்கு அனுப்பினார். சீனம், மலாய், ஆங்கிலத்துடன் தமிழிலும் அதில் 'அபாயம்' என்று எழுதியிருந்தது. தமிழ் சிங்கப்பூரின் நான்கு ஆட்சிமொழிகளில் ஒன்று. அந்தப் படத்துக்கு மட்டும் அப்பாவிடமிருந்து உடனே பதில் வந்தது: "இதைத் தாண்டிப் போறதுதான் நம்ம வேலை."

"கம்பியை எங்க பார்க்க முடியும்?"

ஹோட்டலிலிருந்து ரோச்சோர் ஸ்டேஷன் பத்து நிமிட நடை. மாணவியைத் தனியாக அனுப்ப மனமில்லாமல் பேராசிரியையும் உடன் கிளம்பினார். இரண்டு தோழிகளும் சேர்ந்துகொண்டார்கள்.

டவுன்டவுன் ரயில் பாதை முழுக்க பூமிக்கு அடியில் ஓடுவது. ரயிலில் ஓட்டுநர் கிடையாது. மூன்று கட்டமாக 2013, 2015, 2017 ஆண்டுகளில் திறந்தார்கள். ரோச்சோர், இரண்டாம் கட்டத்தில் வந்த ஸ்டேஷன். அந்த இடத்தில் மண் களிமண்ணாக, சேறுபோல இளகி இருக்கும். பக்கத்திலேயே ரோச்சோர் கால்வாய். மேலே எந்நேரமும் வண்டி ஓடும் சாலை. கால்வாயை இடம் மாற்றி, சாலையைத் திருப்பிவிட்டு, கீழே தோண்டித்தான் கட்டினார்கள். 2015 டிசம்பர் 27-ல் ரயில் ஓடத் தொடங்கியது. அதற்கு ஆறு மாதம் முன்பே அப்பா ஊருக்குத் திரும்பிவிட்டார். தான் கம்பி கட்டிய ஸ்டேஷனில் அவர் ரயில் ஏறியதே இல்லை.

எஸ்கலேட்டரில் இறங்கும்போதே மாணவி வீடியோ காலில் அப்பாவைக் கூப்பிட்டார். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். அங்கே 9.30, ஊரில் 7 மணி. அப்பா வாசலில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அம்மா அவர் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார்.

"இதாப்பா! பாருங்க!" என்று மாணவி போனைச் சுற்றிக் காட்டினார். பளபளப்பான தரை, வெள்ளை விளக்குகள், கண்ணாடிக் கதவுகள்.

அப்பா கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை.

"எனக்கு அடையாளம் தெரியலையே பாப்பா" என்றார் பிறகு. "நான் இருந்தப்ப எல்லாம் குழியும் கம்பியுமாத்தான் கிடந்துச்சு. கொஞ்சம் மேல காட்டு."

மகள் போனை மேலே திருப்பினார். கூரை.

"தூணைக் காட்டு."

காட்டினார்.

"நான் கட்டின கம்பியை எங்க பார்க்க முடியும்? அதெல்லாம் கான்கிரீட்டுக்குள்ள போயிடுச்சு" என்று சிரித்தார். "அங்க ஏ.சி ஓடுதா?"

"ஜில்லுனு இருக்குப்பா."

"நாங்க கீழ நின்னா சட்டையைப் பிழிஞ்சு காயப் போடலாம். அவ்வளவு புழுக்கம். ஒரு நாளைக்கு எத்தனை பாட்டில் தண்ணி குடிப்போம்னு கணக்கே இல்ல." பிறகு அப்பா கேட்டார், "ரயில் வந்துச்சா? ஏறு, ஏறு. போனை மட்டும் கட் பண்ணாத."

ரோச்சோரிலிருந்து லிட்டில் இந்தியாவுக்கு ஒரே ஒரு ஸ்டேஷன். இரண்டு நிமிடம்கூட ஆகாது. அந்தப் பயணம் முழுக்க மாணவி போனை ஜன்னல் பக்கம் திருப்பிப் பிடித்திருந்தார். சுரங்கத்தில் இருட்டைத் தவிர வேறு எதுவும் தெரியவில்லை. ஆனாலும் அப்பா, "அப்படியே வை" என்றார். பக்கத்து இருக்கையில் இருந்த சீனப் பாட்டி ஒருவர் போனில் தெரிந்த முகத்தைப் பார்த்துக் கை ஆட்ட, அப்பாவும் பதிலுக்குக் கை ஆட்டினார்.

சத்தத்துக்குள் ஒரு ஊர்

லிட்டில் இந்தியாவைத் தமிழர்கள் 'தேக்கா' என்றும் சொல்வார்கள். மூங்கிலைக் குறிக்கும் ஒரு சீன வழக்கிலிருந்து வந்த பெயர் அது. ஒரு காலத்தில் இங்கே மாட்டு வியாபாரம் கொடிகட்டிப் பறந்தது. 'பஃபலோ ரோடு' என்ற தெருப் பெயரில் அது இன்னும் மிச்சம் இருக்கிறது. ரேஸ் கோர்ஸ் சாலைக்குப் பெயர் வந்தது, இங்கிருந்த பழைய குதிரைப் பந்தய மைதானத்தால்.

மல்லிகைச் சரம், வாழையிலை, கறிவேப்பிலை, காலையிலேயே இட்லி சாம்பார் வாசம். சிராங்கூன் சாலையில் வீரமாகாளியம்மன் கோயில் மணி கேட்டதும் மாணவி நின்றுவிட்டார். ஆறு வருடம் போனில் கேட்ட மணி! 19-ம் நூற்றாண்டில் இங்கு பிழைக்க வந்த தொழிலாளர்கள் எழுப்பிய கோயில் இது. இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்தபோது மக்கள் ஓடிவந்து தங்கியதும் இங்கேதான்.

மதியம் நெருங்க நெருங்க, கூட்டம் கூடியது. துவாஸ், கிராஞ்சி, ஜூரோங் பகுதி விடுதிகளிலிருந்து தொழிலாளர்கள் வந்து இறங்கினார்கள். தமிழ்நாட்டுக்காரர்கள், வங்கதேசத்துக்காரர்கள். ஊருக்குப் பணம் அனுப்பும் கடைகளின் முன் வரிசை நின்றது. ரேஸ் கோர்ஸ் சாலையோரப் புல்வெளியில் வட்டமாக உட்கார்ந்து பிரியாணி பொட்டலம் பிரித்தார்கள். பாதிப்பேர் கையில் போன். எல்லாம் வீடியோ கால்.

இந்தச் சாலைக்கு ஒரு துயரக் கதையும் உண்டு. 2013 டிசம்பர் 8, ஞாயிறு இரவு. ரேஸ் கோர்ஸ் சாலையில் தனியார் பேருந்தில் அடிபட்டு, தமிழ்நாட்டைச் சேர்ந்த 33 வயது கட்டுமானத் தொழிலாளி ஒருவர் இறந்தார். அதைத் தொடர்ந்து கலவரம் வெடித்து, போலீஸ் வாகனங்களும் ஓர் ஆம்புலன்ஸும் எரிந்தன. அதன்பின் பொது இடத்தில் மது அருந்தக் கட்டுப்பாடு வந்தது. 2015-ல் அதற்கெனத் தனிச் சட்டமே போட்டார்கள்.

"அன்னைக்கு டி.வி-யில நியூஸ் ஓடுது. அப்பாவுக்கு ரெண்டு மணி நேரம் லைன் கிடைக்கல. அம்மா சாமி ரூம்லயே உட்கார்ந்துட்டாங்க" என்று நினைவுகூர்ந்தார் மாணவி. அன்று அப்பா ஓவர்டைம் வேலையில் இருந்தார். லிட்டில் இந்தியாவுக்கு வரவே இல்லை.

2020 கொரோனா காலத்தில் சிங்கப்பூரில் தொற்று அதிகம் பரவியதும் இந்தத் தொழிலாளர் விடுதிகளில்தான். மாதக்கணக்கில் யாரும் வெளியே வர முடியவில்லை. இந்தப் புல்வெளி ஞாயிற்றுக்கிழமைகளில் காலியாகக் கிடந்தது.

ஒரு ஸ்கூல் பேக், 1 கிலோ 100 கிராம்

வீட்டுக்குச் சாமான் வாங்க முஸ்தபா சென்டர் போகும் வழியில்தான் அந்தத் தொழிலாளி எதிர்ப்பட்டார். முப்பது, முப்பத்தைந்து வயது இருக்கும். தமிழ்ப் பேச்சைக் கேட்டுவிட்டு, "எந்த ஊரும்மா?" என்றார்.

"புதுக்கோட்டை பக்கம் அண்ணே."

"அட! நமக்குத் திருமயம்."

இரண்டு நிமிடம் ஊர்ப் பேச்சு. பிறகு அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். கையில் இருந்த ஒரு பிளாஸ்டிக் பையைக் காட்டி, "பொண்ணு ரெண்டாம் வகுப்பு படிக்குது. ஸ்கூல் பேக் வாங்கி வெச்சிருக்கேன். லீவு இன்னும் எட்டு மாசம் ஆகும். நீங்க கொண்டுபோய்க் கொடுத்துட்டா, எங்க வீட்டுல வந்து வாங்கிக்குவாங்க."

பேராசிரியை உடனே, "மன்னிச்சுக்குங்க தம்பி, தெரியாதவங்க கொடுக்கிறதை நாங்க வாங்கக்கூடாது. ஏர்போர்ட்ல கேள்வி கேட்பாங்க. 32 பொண்ணுங்களுக்கு நான்தான் பொறுப்பு" என்றார்.

அவர் சரி சொன்னது சரிதான். முன்பின் தெரியாதவர் கொடுத்த பையை வாங்கி, அதற்குள் என்ன இருந்தது என்று தெரியாமல் சிக்கிக்கொண்டவர்கள் எத்தனையோ பேர். அதுவும் போதைப்பொருள் வழக்கில் சிங்கப்பூர் சட்டம் எவ்வளவு கடுமையானது என்பது ஊரறிந்தது. தொழிலாளிக்கும் அது புரிந்தது. "பரவாயில்லைங்க, சும்மா கேட்டுப் பார்த்தேன்" என்று பையை மடக்கிக்கொண்டார்.

மாணவி நகரவில்லை. ஏழு வயதில் அவருக்கும் சிங்கப்பூரிலிருந்து ஒரு பென்சில் பாக்ஸ் வந்தது. காந்தம் வைத்த மூடி, உள்ளே ஷார்ப்னர். அப்பா வரவில்லை. யாரோ ஒருவர் கொண்டுவந்து கொடுத்தார். அவர் யார் என்று வீட்டில் இன்று வரை யாருக்கும் தெரியாது.

"மேம்... அவர் வெச்சிருக்கிறது வேணாம். அதே மாதிரி ஒண்ணை நாமளே கடையில எடுத்து, நாமளே பில் போட்டா?"

பேராசிரியை யோசித்தார். மாணவியைப் பார்த்தார். தொழிலாளியைப் பார்த்தார்.

"சரி. நானும் கூட வர்றேன். பை என் கண் முன்னாடியே இருக்கணும். பில்லு என்கிட்ட இருக்கணும்."

அடுத்த அரை மணி நேரத்தில் புதிய ஸ்கூல் பேக் ஒன்று, தண்ணீர் பாட்டிலோடு, வாங்கப்பட்டது. பணம் கொடுத்தது தொழிலாளி. உள்ளே ஒவ்வோர் அறையையும் திறந்து பார்த்து, பேராசிரியை தன் கையாலேயே பெட்டிக்குள் வைத்தார். தன்னிடம் இருந்த முதல் பையைத் தொழிலாளி என்ன செய்வார்? "ரூம்ல ஒருத்தன் அடுத்த மாசம் மதுரைக்குப் போறான், அவன் பிள்ளைக்கு ஆச்சு" என்றார்.

கொக்கித் தராசு மீண்டும் வெளியே வந்தது. மாணவி வீட்டுக்கு வாங்கிய சாமான்களோடு பெட்டி 19 கிலோ 800. ஸ்கூல் பேக் 1 கிலோ 100. இப்போது 900 கிராம் அதிகம்.

பெட்டியில் ஒரு கிலோ மைலோ பொட்டலம் இருந்தது. சின்ன வயதில் அப்பா கொண்டுவரும் மைலோ ருசிக்காக, தனக்கென்று மாணவி வாங்கியது. அதை எடுத்துத் தொழிலாளியிடம் நீட்டினார்.

"அண்ணே, இதை நீங்க வெச்சுக்குங்க. வெயிட்டு தாங்காது."

அருவியும் ஒரு கேள்வியும்

மாலை 4 மணிக்கு சாங்கி விமான நிலையம். பக்கத்திலேயே 2019-ல் திறந்த 'ஜுவல்' வளாகம். கண்ணாடிக் கூரையின் நடுவிலிருந்து 40 மீட்டர் கீழே கொட்டுகிறது தண்ணீர். கட்டடத்துக்குள் இருக்கும் அருவிகளில் உலகிலேயே உயரமானது இதுதான். மாணவிகள் கடைசியாக ஒரு குரூப் போட்டோ எடுத்தார்கள். ஒரே கடையில் 100 வெள்ளிக்கு மேல் வாங்கியவர்கள், வரியைத் திரும்பப் பெறும் இயந்திரத்தின் முன் பாஸ்போர்ட்டோடு நின்றார்கள்.

செக்-இன் கவுன்டரில் பெட்டி சரியாக 19.9 காட்டியது. "பேக் பண்ணினது நீங்கதானா? யாராவது எதையாவது கொடுத்தாங்களா?" என்ற கேள்விக்கு பேராசிரியை நடந்ததைச் சொல்லி, பில்லை எடுத்து நீட்டினார். ஊழியர் பில்லைப் பார்த்தார், பெட்டியைத் திறந்து பையையும் பார்த்தார். தலையசைத்து அனுப்பினார்.

நான்கு மணி நேரத்துக்கு மேல் பயணம். இரவு, திருச்சி விமான நிலையத்தின் புதிய முனையம். வெளியே தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் அப்பா நின்றிருந்தார். பழைய முனையத்தில் அவர் இரண்டு முறை பெட்டியோடு வெளியே வந்திருக்கிறார். அப்போது கம்பிக்கு இந்தப் பக்கம், அம்மாவின் இடுப்பில் மகள் இருந்தாள்.

பெட்டியை வாங்கியதும் ஒரு கையால் தூக்கிப் பார்த்தார். "இருபது கிலோ. சரியா இருக்கு."

"எப்படிப்பா கரெக்டா சொல்றீங்க?"

"கம்பி தூக்கின கை பாப்பா."

வீட்டுக்குப் போகும் வழியில் மாணவி திருமயம் கதையைச் சொல்லி முடித்தார். அப்பா அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் அந்த வீட்டிலிருந்து யாரும் வந்து வாங்கிக்கொள்ளும்வரை அவர் காத்திருக்கவும் இல்லை. காலையிலேயே பைக்கை எடுத்துக்கொண்டு, ஸ்கூல் பேக்கை முன்னால் வைத்துக் கட்டி, பள்ளிக்கூட மணி அடிப்பதற்குள் கொடுத்துவிட வேண்டும் என்று திருமயத்துக்குக் கிளம்பிவிட்டார்.